கொஞ்சம் லூசாவே இருக்கட்டும்

டெய்லரக்காவுக்குக் கெட்ட வார்த்தை என்று ஒன்று உண்டென்றால் அது 'லூஸ்'தான். காலையில் கடை ஷட்டரைத் தூக்கினதிலிருந்து இருட்டின பிறகு இறக்குகிற வரைக்கும் அதையே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. இந்த ஜனங்களுக்கு வாயில் வேறு வார்த்தையே வராதா என்று அவள் கேட்காத நாள் கிடையாது. யாரும் பதில் சொன்னதும் கிடையாது. டெய்லரக்கா கேள்வி கேட்டால் அது பதிலுக்காக இல்லை என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

முதல் ஆளாக பேங்க் மேடம் வருவார். துணியைக் கட்டிங் மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் லூசா தைங்க. ஆனா லூசா தெரியக் கூடாது" என்பார்.

"அது எப்படிங்க மேடம்? குளிக்கணும், ஆனா நனையக் கூடாது. அப்படித்தானே?"

பேங்க் மேடம் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்து ஒரு தாய் வந்து, "வளர்ற பிள்ளைக்கா, லூசாவே இருக்கட்டும்" என்று யூனிஃபார்ம் துணியை நீட்டுவாள். அந்தப் பிள்ளை அந்தச் சட்டைக்குள் வளர்ந்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடமே முடிந்துவிடும். அதற்கடுத்து ஒருத்தி, "அடுத்த மாசம் இளைக்கப் போறேன், அதனால இப்பவே டைட்டா தைச்சிடுங்க" என்று வந்து நிற்பாள். இன்னும் இளைக்காத உடம்புக்கு அளவு பார்க்க நான் என்ன ஜோசியக்காரியா என்று டெய்லரக்கா கத்தரியைத் தூக்கி மேசையில் போடுவாள்.

இதெல்லாம் வாடிக்கையாளர் கணக்கு. தொழிலை விட்டு வெளியே போனாலும் அந்த வார்த்தை விடுவதாயில்லை. பக்கத்து மளிகைக் கடையில் டீத்தூள் கேட்டால், "பாக்கெட்டா, லூசா?" கடையில் அவளோடு உட்கார்ந்து பட்டனும் கொக்கியும் தைத்து, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற காஜாக்கா மாதம் தவறாமல் ஒரு நாள் லீவு போடுவாள். காரணம் எப்போதும் ஒன்றுதான், லூஸ் மோஷன். "உனக்கு மட்டும் எப்படிக்கா மாசத்துக்கு ஒரு தடவை வயித்தைக் கரெக்டா கலக்குது?" என்று கேட்டால் காஜாக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே வீட்டில் ஒருத்தர் இருந்தார்.

அவள் புருஷன் வயர்மேன். வீடு வீடாகப் போய் ஃபேன், லைட், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற வேலை. எந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும், "என்ன கோளாறாம்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "லூஸ் கனெக்‌ஷன்." ஊரில் இருக்கிற அத்தனை வயரையும் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து தளர்த்திவிட்டுப் போகிறார்கள் போல. அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது அவருடைய இன்னொரு பேச்சு. வீட்டு ஓனர் தண்ணீரை நிறுத்தினாலும், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன மகள் போன் செய்யாவிட்டாலும், பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும், அவர் வாயிலிருந்து வருவது அந்த இரண்டே வார்த்தை: "லூஸ்ல விடு."

"எதைத்தான் விட மாட்டீங்க நீங்க?" என்பாள் அவள்.

"உன்னைத்தான். லூசு."

இந்தக் கடைசி லூசுக்கு மட்டும் அவள் கோபப்படுவதில்லை. கல்யாணமான புதிதில் கோபப்பட்டாள். என்னைப் பைத்தியம் என்கிறாரே என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தாள். அப்புறம்தான் அந்த மனிதருக்குக் கொஞ்சத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான் என்று புரிந்தது. புரிந்த பிறகு சண்டை போட என்ன இருக்கிறது, விட்டுவிட்டாள்.

டெய்லரக்காவிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, மிச்சத் துணியை வெட்ட மாட்டாள். பிடித்துத் தைத்தால் மிஞ்சுகிற துணியை உள்ளேயே மடித்து விட்டுவிடுவாள். "துணி அங்கயே கிடக்கட்டும், நாளைக்கு நீங்களே பிரிச்சு விடச் சொல்லி வருவீங்க" என்பாள். அப்படியே வருவார்கள்.

இன்னொன்று, டேப்பை நம்ப மாட்டாள். டேப்பைக் கையில் எடுத்ததும் ஜனங்கள் வயிற்றை எக்கிக்கொள்கிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், தோளை நிமிர்த்துகிறார்கள். அந்த அளவில் தைத்துக் கொடுத்தால் ஒரு வேளை சாப்பிட்டதும் பட்டன் தெறிக்கும். அதனால் யார் வந்தாலும், "சரியா இருக்கிற பழைய துணி ஒண்ணு கொண்டாங்க" என்றுதான் சொல்வாள். அந்த அளவுத் துணியைப் புதுத்துணி மேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டிவிடுவாள். "ஆள் பொய் சொல்லும், டேப் பொய் சொல்லும், அளவுத் துணி பொய் சொல்லாது." இந்த வசனத்தைக் கேட்காமல் அந்தக் கடையில் யாரும் ஒரு சட்டை தைத்து வாங்கியதில்லை. அவள் கை அப்படி; சரியாகவும் இருக்கும்.

புருஷனுக்கும் அப்படித்தான். அவருடைய அளவு பேண்ட் ஒன்று கட்டிங் மேசைக்குக் கீழே எப்போதும் கிடக்கும். இருபத்துச் சொச்சம் வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற ஆளுக்கு டேப் பிடிப்பாளா?

ஒரு மழைக்காலத்தில் அவர் முதல் தடவையாகச் சொன்னார். "பேண்ட் லூசா இருக்குது. இடுப்புல நிக்கல."

டெய்லரக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரார் சொல்லலாம், இவரும் சொல்லலாமா? "பாக்கெட்ல ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர்னு பாதிக் கடையைத் திணிச்சுக்கிட்டுப் போனா பேண்ட் இறங்காம மேலயா ஏறும்?" என்றாள். இருந்தாலும் வாங்கி, பின்பக்கத் தையலில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தாள். அவர் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருக்கிறது என்றதால் அந்த பேண்ட்டே புது அளவு பேண்ட் ஆனது. அதை வைத்து இரண்டு புது பேண்ட் வெட்டினாள்.

கொஞ்ச காலம் கழித்து அந்தப் புது பேண்ட்டும் லூஸ் என்றார்.

"துணி மட்டம். கடைக்காரன் ஏமாத்திட்டான். துவைக்கத் துவைக்க இழுக்குது" என்று துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மறுபடி பிடித்தாள். அளவு பேண்ட்டையும் பிடித்தாள். மூன்றாம் முறை அவர் வந்து நின்றபோது கடை முழுக்க ஆட்கள். பேங்க் மேடம் வேறு உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, வீட்டுக்காரருக்கே லூசா தைக்கிறீங்க?" என்று அவர் விளையாட்டாகச் சொன்னது டெய்லரக்காவுக்கு விளையாட்டாகப் படவில்லை.

"என் தையல்ல குத்தம் கண்டுபிடிக்கிறதே உங்களுக்கு வேலையாப் போச்சு. வேற டெய்லர்கிட்டப் போங்க. போய்ப் பாருங்க, தெரியும்" என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தாள். பேண்ட்டைப் பிடுங்கி, அளவு பேண்ட்டோடு சேர்த்துப் பிடித்துத் தைத்து, அவர் மடியில் வீசினாள். அதற்குப் பிறகு அவர் லூஸ் என்று சொல்லவே இல்லை. ஒரு வழியாக வாயை மூடினாரே என்று இருந்தது அவளுக்கு.

வீட்டில் எரிச்சல் வேறு விதமாக வந்தது. ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் எதுவும் தங்குவதில்லை. மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் காலி பாட்டிலை அப்படியே உள்ளே வைத்துவிடுவார். ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் லைட்டைப் போடுவாரோ, இவள் தூக்கம் கெட்டுப் போகும். "ஒரு ஒட்டகத்தைக் கட்டிக்கிட்டிருந்தா அதாவது தண்ணியைச் சேர்த்து வெச்சிருக்கும்" என்று புலம்புவாள். முன்பெல்லாம் ஸ்டூல் மேல் ஏறி நின்று வேலை பார்க்கிற மனிதர், இப்போது வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் சாய்ந்ததும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுகிறார். இடது காலில் ஷூ கடித்ததென்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். அதிலிருந்து பெட்ஷீட்டில் கறை பட்டதற்கு ஒரு சண்டை நடந்தது.

"டாக்டர்கிட்டப் போய்க் காட்டித் தொலைங்களேன்."

"ஷூ கடிச்சதுக்கெல்லாம் டாக்டரா? லூஸ்ல விடு, ஆறிடும்."

அவளும் லூஸில் விட்டாள். அப்போது யூனிஃபார்ம் சீசன், தலைக்கு மேல் வேலை. வாழ்க்கையிலேயே அவள் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அளவு பேண்ட்டில் ஓட்டை விழுந்த அன்றுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அவசரத்துக்கு அதையே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போன மனிதர், சால்டரிங் செய்யும்போது தொடையில் ஈயத்தைச் சொட்டவிட்டுக்கொண்டு வந்தார். அதை வைத்து இனி வெட்ட முடியாது. மகள் கல்யாணத்துக்குத் தைத்து, ஒரே நாள் உடுத்திவிட்டு, பீரோவின் மேல்தட்டில் மடித்து வைத்த நல்ல பேண்ட் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். புதுத்துணியை விரித்தாள். கல்யாண பேண்ட்டை அதன் மேல் விரித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஓட்டை விழுந்ததை அதற்கு மேல் வைத்தாள்.

கீழே இருந்த பேண்ட் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. கொஞ்சமாக இல்லை. ஒரு பக்கத்துக்கு அவளுடைய இரண்டு விரல் அகலம்.

டெய்லரக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "காஜாக்கா, யாரோட பேண்ட்டைக் கொண்டுவந்து எங்க வெச்சே? எவனோ காலேஜ் பையனோட பேண்ட் இது. எத்தனை தடவை சொல்றது, அளவுத் துணியைக் கலக்காதேன்னு?"

காஜாக்கா தைத்துக்கொண்டிருந்த கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "கலக்கல. உன் வீட்டுக்காரரோடதுதான்."

"இதுவா?"

"அதுதான். இறக்கம் பாரு, மடிப்பு பாரு. உன் தையல் உனக்கே தெரியலையா?"

தெரிந்தது. டெய்லரக்கா பேண்ட்டை உள்பக்கம் திருப்பினாள். இடுப்புப் பட்டைக்குக் கீழே அவள் வெட்டாமல் மடித்து விட்ட துணி தடிமனாகக் கிடந்தது. அதில் பிரித்த தையல்களின் ஊசித் துளைகள் வரிசை வரிசையாக ஓடின. முதலில் தைத்தது ஒரு வரிசை, முதல் முறை பிடித்தது ஒன்று, இரண்டாம் முறை பிடித்தது ஒன்று, கடைசியாகக் கோபத்தில் பிடித்த தையல் இன்னும் இறுக்கமாக. பேண்ட் பெரிசானதே இல்லை. துணிக்கடைக்காரன் ஏமாற்றவும் இல்லை. ஒரு மனிதர் அவள் கண்ணெதிரே கரைந்துகொண்டே போயிருக்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும் அவர் கரைந்த அளவுக்குத் துணியைப் பிடித்துக் கொடுத்து, வித்தியாசமே தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நன்றாகத் தைக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் தொளதொளவென்று தொங்குகிற பேண்ட்டாவது அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்.

"உனக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"மூஞ்சி ஒட்டிப் போச்சே, யாருக்குத்தான் தெரியாது? நாலஞ்சு மாசமாவே சொல்லணும்னு பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

காஜாக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீ கத்துவேன்னுதான்."

டெய்லரக்கா போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். அவர் யார் வீட்டு மாடியிலோ நின்றுகொண்டிருந்தார். "ஒரு லூஸ் கனெக்‌ஷன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

"அது கிடக்கட்டும். உடனே கடைக்கு வாங்க."

அவர் வந்ததும் கடையின் பின்னாலிருக்கிற ட்ரையல் ரூமுக்குள் அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"என்ன இது, புதுசா? ஆளுக்கெல்லாம் டேப் பிடிக்க மாட்டியே நீ."

"பேசாம நில்லுங்க."

எக்குவதற்கு அவரிடம் வயிறே இல்லை. சட்டையைத் தூக்கியதும் பெல்ட் தெரிந்தது. தோல் பெல்ட்டில் கம்பெனி போட்ட ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவை முடிந்த இடத்துக்கப்பால் ஓரம் கருகிய வேறு ஓட்டைகள், கோணல்மாணலாக. சால்டரிங் கம்பியால் சுட்டுச் சுட்டுப் போட்டவை.

"இது எப்போ?"

"அது... மூணாவது தடவை பிடிச்சுக் குடுத்தியே, அதுக்கப்புறம். திரும்ப லூஸ்னு சொன்னா உனக்குக் கோபம் வருது. ஜனங்க முன்னாடி உன் தையலைக் குறை சொன்ன மாதிரி ஆகுது. அதான் நானே ஒரு ஓட்டை போட்டுக்கிட்டேன்."

டெய்லரக்கா டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டாள். பிறகு குனிந்து அவருடைய இடது கால் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உருவியதும் அந்தச் சின்ன அறை முழுக்க வாடை அடித்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"வலிக்கலையா?"

"அதுதான் ஆச்சரியம். வலியே இல்ல. அதனாலதான் ஆறிடும்னு விட்டேன்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, எத்தனையோ நாளாக இப்படித்தான் இருந்திருக்கும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும். இப்போதைக்கு விரலோடு போகும் என்றார் டாக்டரம்மா. வயதில் டெய்லரக்காவின் மகளைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார்.

"இவ்வளவு வெயிட் குறைஞ்சிருக்கு, தாகம் இருந்திருக்கு, நைட்ல எழுந்திருக்காரு. வீட்ல கூடவேதானே இருக்கீங்க? கவனிக்கலையாம்மா?"

தெருவே வாயைக் கொடுக்கப் பயப்படுகிற டெய்லரக்கா சீட்டுக்குக் கையை நீட்டினாள். அளவுத் துணி பொய் சொல்லாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அது பொய் சொல்லவில்லைதான். அவள் அதைத் தன் கையாலேயே திருத்தித் திருத்திப் பொய் சொல்ல வைத்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

விரலை எடுத்த அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மயக்கம் முழுசாகத் தெளியாமல் அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஒரு விரல்தானே. லூசு, அழாத."

அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாக அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஊசி போடுகிற நேரம், சாப்பிடுகிற நேரம், நடக்கிற நேரம் எல்லாம் டெய்லரக்கா கையில். அவள் கெடுபிடி தாங்காமல் அவர் மகளுக்குப் போன் போட்டு முறையிட்டார். "ஆஸ்பத்திரியே தேவலை, அங்க நர்ஸ் டூட்டி மாறும்" என்றார். மகள் அம்மா பக்கம்தான் பேசினாள். கடையிலும் ஒரு மாற்றம் வந்தது. அளவுத் துணி கொண்டு வருகிறவர்களையும் டெய்லரக்கா நிற்க வைத்து டேப் பிடிக்கிறாள். "வயித்தை எக்காதீங்க, உள்ளபடி நில்லுங்க" என்று அதட்டுகிறாள். பேங்க் மேடத்துக்கு டேப் பிடித்துப் பார்த்து, முன்பைவிடக் குறைந்திருக்கிறதே என்று அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தாள். அவர் டயட்டில் இருந்திருக்கிறார், வேறொன்றுமில்லை. இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு மறுபடி வந்தார். காஜாக்காவின் மாதாந்திர லூஸ் மோஷனுக்கும் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று டெய்லரக்கா கிளம்பியதிலிருந்து காஜாக்கா லீவே போடுவதில்லை.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கண்ணாடி முன் நின்று நெளிந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா என்ன அர்த்தம்? வாயைத் திறந்து சொல்லுங்க. கத்த மாட்டேன்."

"பேண்ட் டைட்டா இருக்குது."

டெய்லரக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு வருஷம் லூஸ், லூஸ்னு என் உயிரை எடுத்தீங்க. இப்போ டைட்டா? உங்க ஒரு ஆளுக்குத் தைக்கிறதுக்கு நான் ஒரு ஊருக்கே தைச்சிடலாம். கழட்டுங்க, கழட்டிக் குடுங்க."

கடைக்குக்கூட எடுத்துப் போகவில்லை. ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருந்த அந்தப் பழைய அளவு பேண்ட்டின் கடைசித் தையலை ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடால் பிரித்தாள். அந்தக் கோபத் தையல் லேசில் வரவில்லை. உள்ளே மடித்து விட்ட துணி அப்படியே இருந்தது, சாயம்கூட வெளுக்காமல். பழைய ஊசித் துளை வரிசை மேலேயே கையால் ஓட்டிக் கொடுத்தாள். கல்யாண பேண்ட் அளவுக்கு வர இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது. திட்டிக்கொண்டேதான் தைத்தாள். என்ன திட்டுகிறாள் என்பதை அவளே கவனிக்கவில்லை.

அவர் உடுத்திக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். டாக்டர் ஷூ போடக் கூடாது என்றதால் இப்போதெல்லாம் வார் வைத்த செருப்புதான். நாலு அடி எடுத்து வைப்பதற்குள் இடது கால் செருப்பு நழுவி ஒரு பக்கமாகத் திரும்பியது. குனிந்து சரி செய்தார். அடுத்த அடியில் மறுபடி திரும்பியது. விரல் இருந்த இடத்தில் வார் பிடிக்க ஒன்றுமில்லை.

"எத்தனை நாளா இப்படி நழுவுது?"

"வாங்கினதிலேர்ந்துதான். ஒரு பக்கம் மட்டும் லூசு. பரவால்ல, இழுத்து இழுத்து நடந்துக்கிறேன். லூஸ்ல விடு."

டெய்லரக்கா டேப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். வலது காலைப் பார்த்து இடது காலுக்கு அளவு எடுக்க முடியாது. இனி இரண்டும் வேறு வேறு.

"விட முடியாது" என்றாள். "காலை நீட்டுங்க."